பதவியலும் பள்ளிப் பிள்ளையும்: சொல்லமைப்புக் கற்பித்தல் பற்றிய ஒரு நோக்கு

தமிழ் இலக்கணக் கல்வியைப் பற்றி எழுந்துள்ள கண்டனங்களுட் பெரும்பாலானவை அது கடினமானது என்பதையே எடுத்துரைக்கின்றன. சூத்திரங்கள் மிகுதி, கலைச்சொற்கள் மிகுதி, எடுத்துக்காட்டுகள் பழையன என்பன அடிக்கடி கேட்கப்படும் குறைகள். அவை உண்மையே. எனினும் அவற்றினும் பாரதூரமான குறை ஒன்று உண்டு. சொல்லைப் பகுத்து அதன் உறுப்புகளைக் காணும் அறிவு, நன்றாக வாசிக்கத் தெரிந்த மாணாக்கனுக்குப் பரீட்சை வினாவாக வழங்கப்படுகிறது. வாசிப்பிலும் எழுத்திலும் இடர்ப்படும் பிள்ளைக்கோ, அவ்வறிவு உண்மையில் வேண்டப்படும் பருவத்தில், அது எட்டுவதேயில்லை.

இலங்கைப் பாடசாலைகளில் இத்தகைய பிள்ளைகளை ‘மெல்லக் கற்போர்’ என்று குறிப்பிடுவர். அவர்களுக்கென நடத்தப்படுவது ‘பரிகாரக் கற்பித்தல்’ எனப்படும். பரிகாரம் என்பது நடைமுறையிற் பெரும்பாலும் எழுத்துகளை மீண்டும் மீண்டும் எழுதுவித்தலாகவும், பிழைவிட்ட சொல்லைப் பத்துத் தடவை பார்த்தெழுதச் செய்தலாகவும் சுருங்கிவிடுகிறது. பிள்ளை எழுத்தை அறியாதிருப்பின் இதனாற் பயனுண்டு. எழுத்தை அறிந்தும் சொல்லை அறியாது தடுமாறும் பிள்ளைக்கு இதனால் விளையும் பயன் மிகக் குறைவு. பகுபத உறுப்பிலக்கணம் என்னும் பழைய கருவியை இப்பிள்ளையின் பக்கம் நின்று மீள நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்நோக்கிற்கு உரைகல்லாக வன்னிப் பெருநிலத்தின் கரையோரக் கிராமமான கொக்கிளாயும் அதன் சூழலில் வழங்கும் சொற்களும் கொள்ளப்படுகின்றன.

நன்னூலின் வைப்புமுறை

13ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் எழுத்ததிகாரத்தை ஐந்து இயல்களாக வகுத்தார். எழுத்தியல், பதவியல், உயிரீற்றுப் புணரியல், மெய்யீற்றுப் புணரியல், உருபு புணரியல் என்பன அவை. இவற்றுள் பதவியல் இரண்டாவதாக நிற்றல் மனங்கொள்ளத்தக்கது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் இத்தகைய இயல் தனியே இல்லை. எழுத்தின் இயல்பைக் கூறி முடித்தவுடன், புணர்ச்சிக்குச் செல்லுமுன், சொல்லின் உள்ளமைப்பைக் கூறவேண்டும் என்று பவணந்தியார் கருதினார். பதத்தைப் பகாப்பதம், பகுபதம் என இரண்டாக்கி, பகுபதத்தின் உறுப்புகளைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாக வரையறுத்தமை அவர் தமிழுக்குச் செய்த பெரும்பணிகளுள் ஒன்று.

அவர் இவ்வாறு வைத்தது பிள்ளைகளுக்கு வாசிப்புக் கற்பிக்கும் பொருட்டன்று. புணர்ச்சி விதிகளுக்கு நிலைக்களன் அமைக்கும் பொருட்டேயாகும். ஆயினும் அவ்வைப்புமுறையில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. எழுத்தறிவுக்கும் தொடரறிவுக்கும் இடையே சொல்லறிவு என்னும் படி ஒன்று உண்டு. அதனைத் தாண்டிக் குதிக்க இயலாது என்பதே அவ்வுண்மை. இன்றைய வகுப்பறை இந்தப் படியை அகற்றி உயரத்தில் வைத்துள்ளது. ஆரம்ப வகுப்புகளில் எழுத்துகள் கற்பிக்கப்படுகின்றன. உடனே வாசகங்கள் வருகின்றன. பகுபதம் மேல் வகுப்புகளில், இலக்கணம் என்னும் தனித்தலைப்பின்கீழ்த் தோன்றுகிறது.

அங்கு அது தோன்றும் கோலமும் ஆராயத்தக்கது. பகுபத உறுப்பிலக்கணத்துக்கு வழிவழியாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு ‘நடந்தனன்’ என்பதாகும். நட என்பது பகுதி, தகரம் சந்தி, அது நகரமாயது விகாரம், அடுத்த தகரம் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, ஈற்றிலுள்ள அன் விகுதி. ஆறு உறுப்புகளும் ஒருங்கே அமைந்திருத்தலே இச்சொல்லின் சிறப்பு. ஆனால் இன்று இச்சொல்லைப் பேசுவோரும் இல்லை; எழுதுவோரும் அரியர். உறுப்பிலக்கணத்தை விளக்கச் சொல் தெரிவுசெய்யப்பட்டதேயன்றி, சொல்லை விளக்க உறுப்பிலக்கணம் பயன்படுத்தப்படவில்லை. மேலும், ஆறு உறுப்புகளும் ஒரே நிரலில் வைத்துக் கேட்கப்படுதலால் அவை யாவும் ஒரு தன்மையன என்ற மயக்கம் உண்டாகிறது. பொருளைத் தாங்குவன பகுதி, இடைநிலை, விகுதி ஆகிய மூன்றுமே. ஏனைய மூன்றும் பெரும்பாலும் அவை ஒன்றோடொன்று பொருந்தும்போது நிகழும் வடிவ நிகழ்ச்சிகள். இடர்ப்படும் பிள்ளைக்கு முதலில் வேண்டியவை முன்னைய மூன்று. பின்னையவற்றைப் பெயர் கூறாமலே காட்டலாம்.

நாவலரின் இரு நூல்கள்

இவ்விடத்தில் ஆறுமுக நாவலரின் முயற்சி நினைக்கத்தக்கது. 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாவலர், பிள்ளைகளுக்கெனப் பாலபாடங்களைப் படிமுறையாக எழுதினார். செய்யுள் மனனமே கல்வியாக இருந்த காலத்தில், எளிய வசனத்தைச் சந்தி பிரித்து, குறியீடுகள் இட்டு அச்சிட்டு வழங்கியமை வாசிப்போனின் இடரை உணர்ந்த ஒருவரின் செயலாகும். சந்தி பிரித்தல் என்பது சொல்லெல்லையைக் கண்ணுக்குக் காட்டுதலே.

அதே நாவலர் நன்னூற் கருத்துகளை வசனத்தில் தொகுத்து இலக்கணச் சுருக்கத்தையும் எழுதினார். அதில் எழுத்ததிகாரம் எழுத்தியல், பதவியல், புணரியல் என மூன்றாக அமைந்துள்ளது; பவணந்தியின் வைப்புமுறை பேணப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதியையும் அடுத்துத் தேர்வு வினாக்கள் உள்ளன. பகுபதமாவது யாது, அதன் உறுப்புகள் எவை என்று வினவி விடை பெறும் இம்முறை, ஆசிரியரும் நூலும் அரியனவாயிருந்த காலத்தில் பெரும்பயன் விளைத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வரைவிலக்கணத்தை ஒப்புவித்தலே சொல்லறிவு என்னும் மரபு வலுப்பெறுவதற்கும் இவ்வினாவிடை வடிவம் துணைசெய்தது. பாலபாடமும் இலக்கணச் சுருக்கமும் ஒரே கையால் எழுதப்பட்டவை; ஆயின் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலம் அமைக்கப்படவில்லை. வாசிக்கும் பிள்ளை ஒரு நூலில் நின்றது. பதவியல் மற்றொரு நூலில் நின்றது. பின்வந்தோர் அவ்விடைவெளியை நிரப்பாது, அதனையே பாடத்திட்டமாக்கிக் கொண்டனர். குறை நாவலர்மேலதன்று, அவருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டாகப் பாலம் அமைக்காதிருந்தோர் மேலதாகும்.

அண்மைக் காலத்தில் இக்கால எழுத்துத் தமிழை அடிப்படையாகக் கொண்டு இலக்கணம் எழுதும் முயற்சிகள் தோன்றியுள்ளன. எம். ஏ. நுஃமானின் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ (1999) இவற்றுட் குறிப்பிடத்தக்கது. ‘நடந்தனன்’ நின்ற இடத்தில் இன்றைய சொற்கள் நிற்கத் தொடங்கின. ஆயினும் இத்தகைய நூல்கள் ஆசிரியரையும் உயர்வகுப்பு மாணவரையும் நோக்கியன. மூன்றாம் வகுப்பில் ஒரு சொல்லின்மீது விரலை வைத்துக்கொண்டு திணறும் பிள்ளையிடம் அவற்றின் பயனைக் கொண்டு சேர்க்கும் பணி எஞ்சியே உள்ளது.

கொக்கிளாய்ச் சூழலின் சொற்கள்

கொக்கிளாய் முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கொக்கிளாய்க் களப்புக் கடலோடு கலக்கும் முகத்தின் வடகரையில் உள்ளது. முகத்துக்கு அப்பால் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை தொடங்குகிறது. களப்பும் கடலும் இவ்வூரின் வாழ்வு. 1984ஆம் ஆண்டின் இறுதியிற் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009ஆம் ஆண்டு போர் முடிவுற்ற பின்னரே அவர்கள் மீளக் குடியமர முடிந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் ஒரு தலைமுறை அகதி முகாம்களிலும் பிற ஊர்களிலும் படித்தது. பலருடைய படிப்பு இடையில் அறுந்தது. அத்தலைமுறையினரே இன்று பெற்றோர். வீட்டில் எழுத்துக்கு உதவி கிடைக்காத பிள்ளை பாடசாலையிற் பெறுவதையே முழுமையாக நம்பியிருக்கவேண்டியுள்ளது. ஆதலின் கற்பித்தல் முறை பற்றிய வினா இங்கு ஏட்டளவிலான வினாவன்று.

இப்பிள்ளையின் கண்ணிற் படும் சொற்கள் எவை? கடற்றொழிலாளர் சங்கத்தின் பெயர்ப்பலகை, பிரதேச செயலகத்திலிருந்து வரும் படிவம், பஸ் வண்டியின் முகப்பிலுள்ள ஊர்ப்பெயர், குடிநீர்த் தாங்கியில் எழுதப்பட்ட அறிவித்தல் ஆகியனவே அவை. இவற்றிலுள்ள சொற்கள் நீளமானவை. ‘புதுக்குடியிருப்பு’ என்பதில் ஒன்பது எழுத்துகள். ‘கரைத்துறைப்பற்று’ என்பதிலும் ஒன்பது எழுத்துகள். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கும் பிள்ளை ஒன்பதாம் எழுத்தை அடையும்போது முதலெழுத்துகளை மறந்துவிடுகிறது. அது சோம்பலன்று; நினைவின் எல்லை. ஆனால் புது, குடி, இருப்பு என்று காணும் பிள்ளைக்கு அச்சொல்லில் மூன்றே உறுப்புகள். அம்மூன்றும் அது பேச்சில் ஏற்கெனவே அறிந்த சொற்கள்.

குடி என்னும் ஒரு சொல்லையே மேலும் நோக்கலாம். குடியிருப்பு, குடியேற்றம், குடிமகன், குடிமக்கள் என அது பரந்து நிற்கிறது. இவ்வூர் மக்களின் வாழ்வை நிர்ணயித்த ‘மீள்குடியேற்றம்’ என்னும் சொல்லிலும் அதுவே நடுநாயகம். மீள், குடி, ஏற்றம் எனப் பகுத்தவுடன் அலுவலகச் சொல் ஒன்று வீட்டுச் சொல்லாகிவிடுகிறது. ‘மீள்’ என்பதை அறிந்த பிள்ளை மீள்பதிவு, மீள்பரிசீலனை, மீளளிப்பு ஆகியவற்றை முன்னொருபோதும் காணாதிருப்பினும் அணுக அஞ்சாது. ஒரு சொல்லைக் கற்று ஒரு சொல்லை அறிவது ஒருவகை. ஓர் உறுப்பைக் கற்றுப் பல சொற்களுக்கு வாயில் திறப்பது மற்றொரு வகை. பின்னையதே சொல்லமைப்புக் கற்பித்தலின் பொருளாதாரம்.

எழுத்துப்பிழைகளின் இயல்பு

வாசிப்பிலும் பார்க்க எழுத்திலேயே இதன் பயன் தெளிவாகப் புலப்படும். இலங்கைத் தமிழ்ப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கப்படுகிறது. நகர னகர வேறுபாட்டைச் செவி அறிவதில்லை. எனவே ‘கேட்டபடி எழுது’ என்னும் அறிவுரை பிள்ளையை ஏமாற்றும் அறிவுரையாகும். செவி கைவிடும் இடத்தில் துணைநிற்பது சொல்லின் அமைப்பு.

‘எழுத்தாளர்கள்’ என்னும் சொல்லில் ழகரம் ஒன்று, ளகரம் இரண்டு. மூன்றையும் தனித்தனியே மனனஞ் செய்யும் பிள்ளை மூன்று இடங்களில் தவறக்கூடும். அமைப்பை அறிந்த பிள்ளைக்கு ழகரம் ‘எழுது’ என்பதிலிருந்து வந்தது. முதல் ளகரம் ‘ஆள்’ என்பதிலிருந்து வந்தது. ஈற்று ளகரம் ‘கள்’ என்னும் பன்மை விகுதிக்கு உரியது. ‘கள்’ எங்கு வந்தாலும் ளகரமே. மரங்கள், வலைகள், அவர்கள், வந்தார்கள் எனப் பல்லாயிரம் சொற்களில் நேரக்கூடிய பிழை ஒரே பாடத்தால் நீங்குகிறது. ‘இல்’ என்னும் இடவேற்றுமை உருபும் அத்தகையதே. ‘வந்தால்’, ‘வந்தாள்’ என்னும் இரண்டினையும் மாறி எழுதும் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி அளித்துப் பயனில்லை. ஒன்று நிபந்தனை, மற்றது பெண்பால் என்பதைக் காட்டிய பின்னரே லகர ளகர வேறுபாட்டுக்குப் பொருள் உண்டாகும்.

‘கடற்றொழிலாளர்’ இதற்கு மேலும் சிறந்த சான்று. எட்டெழுத்துகள் கொண்ட இச்சொல்லில் ற், றொ, ழி, லா, ள, ர் எனப் பிள்ளை இடறக்கூடிய எழுத்துகள் ஆறு. கடல், தொழில், ஆள், அர் என்று பகுத்தால் ழகரமும் லகரமும் தொழிலுக்கு உரியவை. ளகரம் ஆளுக்கு உரியது. ரகரம் பலர்பால் விகுதிக்கு உரியது. எஞ்சிய இரு றகரங்கள் கடலும் தொழிலும் பொருந்திய இடத்தில் லகரமும் தகரமும் திரிந்தமையால் வந்தவை. கடற்கரை, கடற்படை என்பவற்றில் அதே லகரத் திரிபு தோன்றுதலைக் காட்டினால் விதி கூறாமலே விதி விளங்கும். தந்தையின் தொழிற்பெயரைப் பிழையின்றி எழுதும் ஆற்றல் இவ்வாறு பிள்ளையின் கைக்கு வருகிறது.

பிழைகளை வகைப்படுத்தும் ஆசிரியருக்கும் இவ்வறிவு இன்றியமையாதது. ஒரு பிள்ளை ‘கிணறில்’ என்றும் ‘மரம்கள்’ என்றும் எழுதுகிறது. மற்றொன்று ‘கிணற்றிள்’ என்று எழுதுகிறது. சிவப்பு மை மூன்றையும் ஒன்றாகவே வெட்டுகிறது. ஆயினும் முதற்பிள்ளை பகுதியையும் உருபையும் விகுதியையும் சரியாக அறிந்துள்ளது. அவை பொருந்தும் முறையை மட்டுமே அறியவில்லை. அது சிந்தித்து எழுதிய பிழை. இரண்டாம் பிள்ளை பொருந்தும் முறையை அறிந்துள்ளது; உருபின் எழுத்தை அறியவில்லை. முன்னதற்கு வீடு-வீட்டில், ஆறு-ஆற்றில், கயிறு-கயிற்றில் எனும் வரிசை மருந்து. பின்னதற்குக் கடலில், வலையில், படகில் எனும் வரிசை மருந்து. இருவரையும் ஒரே சொல்லைப் பத்துத் தடவை எழுதச் செய்தல் இருவருக்கும் பயன்தராது.

பேச்சும் எழுத்தும்

பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையிலான தூரம் இடர்ப்படும் பிள்ளையின் மற்றொரு சுமை. ‘நான் வாறன்’ என்று பேசும் பிள்ளை ‘நான் வருகிறேன்’ என்று எழுதவேண்டும். ‘அவை வருகினம்’ என்பது ‘அவர்கள் வருகிறார்கள்’ ஆகவேண்டும். இவை இரு வேறு மொழிகள் போலத் தோன்றின் பிள்ளை மனந்தளரும். பேச்சை இழிவென்று திருத்தும் ஆசிரியர் அத்தளர்ச்சியை மிகுவிப்பவராவார். சொல்லமைப்பின் வழி நோக்கினால் பேச்சிலும் பகுதி உண்டு, காலங்காட்டும் உறுப்பு உண்டு, விகுதி உண்டு. ‘வாறன்’ என்பதிலுள்ள றகரம் எழுத்திலுள்ள ‘கிறு’ என்பதன் தேய்ந்த வடிவம். ஈற்று ‘அன்’ எழுத்தில் ‘ஏன்’ ஆகிறது. போறன்-போகிறேன் என்பதும் அவ்வாறே. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கரும்பலகையில் எழுதி உறுப்புக்கு உறுப்புப் பொருத்திக் காட்டும்போது, பிள்ளை புதிதாக ஒரு மொழியைக் கற்கவில்லை. தான் பேசும் மொழியின் மற்றொரு கோலத்தைக் காண்கிறது.

காலங்காட்டும் உறுப்பையும் பேச்சறிவின் துணைகொண்டே புலப்படுத்தலாம். பிடித்தான், பிடிக்கிறான், பிடிப்பான் என்னும் மூன்றிலும் முதலும் முடிவும் மாறவில்லை; நடுவே மாறுகிறது. நேற்று, இன்று, நாளை என்னும் மூன்று சொற்களை எதிரே எழுதினால் ஒவ்வொரு நடுவும் எதற்கு உரியது என்பதைப் பிள்ளையே கூறிவிடும். இடைநிலை என்னும் பெயர் அப்போது வேண்டியதில்லை. பெயர் பின்னர் மேல் வகுப்பில் வரும்போது, அறிந்த பொருளுக்கு இட்ட பெயராக அது விளங்கும்.

பிறமொழி ஆய்வுகள்

பிள்ளைகள் சொல்லமைப்பை உள்ளூர அறிந்திருக்கின்றனர் என்பதை 1958ஆம் ஆண்டிலேயே ஜீன் பேர்க்கோ ஆங்கிலம் பேசும் சிறுவரிடையே காட்டினார். ‘வக்’ என்னும் பொருளற்ற புனைசொல்லைக் கேட்ட சிறுவர், அதன் பன்மையைத் தாமாகவே ‘வக்ஸ்’ என்றனர். கேளாத சொல்லுக்குப் பன்மை கூற முடிந்தமையால் அவர்கள் பெற்றிருந்தது மனனமன்று, விதி என்பது தெளிவாயிற்று. ‘மரம்கள்’ என்று எழுதும் தமிழ்ப்பிள்ளையிடமும் காணப்படுவது இவ்விதியறிவே.

2010ஆம் ஆண்டில் பீற்றர் பவர்ஸ், ஜோன் கேர்பி, ஹெலன் டீக்கன் ஆகியோர் சொல்லமைப்புக் கற்பித்தல் பற்றிய 22 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். இக்கற்பித்தலாற் பயனுண்டு, இடர்ப்படும் வாசகர்க்கு அப்பயன் மிகுதி, இளம் வகுப்பினர்க்கு அது குறைவதில்லை, ஏனைய மொழிப்பயிற்சிகளோடு இணைத்துக் கற்பிக்கும்போது அது சிறக்கிறது என்பன அவர்களின் முடிவுகள். மேல் வகுப்புக்கே உரியது, கெட்டிக்காரருக்கே உரியது என்னும் நம் பாடசாலை வழக்குக்கு இவை நேர்மாறானவை.

ஆயினும் அம்முடிவுகளை அப்படியே தமிழுக்கு ஏற்றிவிடல் பொருந்தாது. ஆங்கிலத்தில் உச்சரிப்பு மாறினும் எழுத்துக்கூட்டல் மாறாதிருக்கும் சொற்கள் பல. கையொப்பமிடுதலைக் குறிக்கும் ‘சைன்’ என்பதில் ஒலியாத ககர எழுத்து, ‘சிக்னேச்சர்’ என்பதில் ஒலிக்கிறது. உறவை எழுத்துக் காக்கிறது. தமிழில் நிலைமை எதிரானது. ஒலியைப் பின்பற்றி எழுத்தும் மாறுதலாற் கடல் ‘கடற்’ ஆகிறது. வீடு ‘வீட்டு’ ஆகிறது. மரம் ‘மரத்து’ ஆகிறது. உறவு எழுத்தில் மறைகிறது. ஆகவே மாறிய முகங்களுக்குள் ஒரே சொல்லைக் காணப் பழக்குதலே தமிழாசிரியரின் முதற்பணியாகும். எழுத்துகளின் தொகையும் வேறுபாட்டை உண்டாக்குகிறது. கன்னட எழுத்து முறையைக் கற்பதற்கு ஆரம்ப வகுப்புகளின் பல ஆண்டுகள் செல்கின்றன என்று சோனாலி நாக் 2007ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். 247 எழுத்துகள் கொண்ட தமிழிலும், எழுத்து முழுதும் முற்றுப்பெறும்வரை சொல்லமைப்பை ஒத்திவைப்பின் இடர்ப்படும் பிள்ளைக்கு அது வந்தடையும் நாள் மிகப் பிந்திவிடும். இரண்டும் உடன்செல்ல வேண்டும்.

எல்லைகள்

இக்கருவிக்கும் எல்லை உண்டு. வாளை என்னும் மீனுக்கும் வாழை என்னும் மரத்துக்கும் உள்ள எழுத்து வேறுபாட்டை எந்தப் பகுப்பும் காட்டாது. இவை பகாப்பதங்கள், கண்ணாற் கண்டு நினைவிற் கொள்ளவேண்டியவை. கரை, துறை என்பவற்றிலுள்ள ரகர றகரங்களும் அத்தகையனவே. பகுதியின் எழுத்தை ஒருமுறை மனனஞ் செய்தே ஆகவேண்டும். அதன் கிளைச்சொற்களிலேயே அமைப்பறிவு கைகொடுக்கும். குடி என்பது குடியிருப்பில் ஒரு பொருளும் குடிநீரில் வேறொரு பொருளும் தருதல் போல, வடிவொற்றுமை மயக்கந் தருதலும் உண்டு. பொருளோடு சேர்த்தன்றி உறுப்பைக் காட்டலாகாது என்பதற்கு இது எச்சரிக்கை.

பகுக்கும் ஆர்வம் எல்லை கடந்து சொற்பிறப்பு விளையாட்டாகவும் மாறக்கூடும். ‘கொக்குத்தொடுவாய்’ என்பதிற் கொக்கும் தொடுவாயும் வெளிப்படையாக நிற்கின்றன. ‘கொக்கிளாய்’ என்பதிலோ கொக்கு மட்டும் தென்படுவது போலுள்ளது. எஞ்சிய பகுதிக்கு இன்றைய வழக்கில் தெளிவான பொருளில்லை. 1951ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட களப்பின் பெயரிற் கொக்கு இருத்தல் பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால் அப்பொருத்தம் சான்றாகாது. பகுக்கத்தக்கதைப் பகுத்தலும், பகுக்க இயலாததை அவ்வாறே விடுதலும் பிள்ளைக்குக் கற்பிக்கத்தக்க ஒழுக்கமே. பகுபதம், பகாப்பதம் எனப் பவணந்தியார் இரண்டாக வகுத்ததன் பயனும் அதுவே.

இவற்றுக்கு மேலாக, ஆசிரியர் பற்றாக்குறையையும் வறுமையையும் பாடசாலைக்கு வராமையையும் எந்த இலக்கணமும் தீர்க்காது. எழுத்தையே இனங்காண முடியாத பிள்ளைக்கு எழுத்தும் ஒலியுமே முதற்படி. கற்றற் குறைபாடு உடைய பிள்ளைக்குத் தனிக் கவனம் வேண்டும். சொல்லமைப்பு இவையனைத்துக்கும் மாற்றன்று. வருகைதந்து, எழுத்தறிந்து, ஆயினும் வாசிப்பிற் பின்தங்கி நிற்கும் பிள்ளைக்கு மறுக்கப்பட்டுவரும் ஒரு வழியைத் திறந்துவிடுதலே இங்கு வேண்டப்படுகிறது.

செய்யத்தக்கன

இதற்குப் புதிய இலக்கணம் வேண்டியதில்லை. இருப்பதை இடம்மாற்றினாற் போதும். மூன்றாம் வகுப்புத் தொடக்கம் வாசிப்புப் பாடத்தின் உள்ளேயே நாளுக்குச் சில நிமிடங்கள் ஒரு சொற்குடும்பத்துக்கு ஒதுக்கப்படலாம். ஆசிரியர் ‘வலை’ என்று எழுதுகிறார். பிள்ளைகள் வாய்மொழியாக வலையில், வலைக்கு, வலைகள், கரைவலை என்று கூறுகின்றனர். அவை ஒன்றன்கீழ் ஒன்றாக, வலை ஒரே நிரலில் வருமாறு எழுதப்படுகின்றன. மாறாத பகுதி கோடிடப்படுகிறது. பின்னர் அச்சொற்கள் வசனத்தில் வாசிக்கப்பட்டு, பிள்ளைகளின் சொந்த வசனங்களில் எழுதப்படுகின்றன. கலைச்சொல் ஒன்றும் இடம்பெறவில்லை. ஆயினும் நடைபெற்றது பதவியற் பாடமே.

இத்தகைய பாடத்தை ஒவ்வோர் ஆசிரியரும் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என எதிர்பார்த்தல் நியாயமன்று. ஆரம்ப வகுப்புப் பாடநூல்களில் வரும் சொற்களை உறுப்பு வாரியாகத் தொகுத்தல், மிகுதியாக வரும் விகுதி, உருபுகளை வரிசைப்படுத்தல், பிள்ளைகளின் எழுத்துப்பிழைகளைச் சேகரித்து வகைசெய்தல் ஆகியன பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் மொழியியல் மாணவரும் ஆற்றத்தக்க பணிகள். கோப்பாய் ஆசிரிய கலாசாலை, வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி போன்ற நிறுவனங்களிற் பயிலும் எதிர்கால ஆசிரியர் கைக்கு அத்தொகுப்புகள் செல்லுமாயின், பகுபதம் பரீட்சைத் தாளிலிருந்து வகுப்பறைக்கு இறங்கும்.

சொல்லைப் பகுத்தறியும் முறையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வகுத்துக்கொண்ட மொழி தமிழ். அம்முறையைப் போற்றி உரையெழுதியோர் பலர். பரீட்சை வினாவாக்கியோர் பலர். தன் ஊரின் பெயரையும் தந்தையின் தொழிலையும் தன் குடும்பம் ஒப்பமிடும் படிவத்தையும் வாசிக்க முடியாத பிள்ளை ஒன்று வகுப்பறையில் இருக்கும்வரை, அப்போற்றுதலின் பயன் முற்றுப்பெறவில்லை என்றே கொள்ளவேண்டும்.